‘ஹேண்ட் டு மவுத்’ என்று எப்போது சொல்லலாம்: ஆங்கிலம் பேசப் பழகும் டெல்டாக்காரர்களுக்கு

மன்னார்குடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் பேசச் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பாலிடெக்னிக் முடித்த பையன்கள் உண்டு, நர்சிங் படித்த பெண்கள் உண்டு, சிங்கப்பூர் போகப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர வேண்டுமே என்பதற்காக வருகிற அம்மாக்களும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் ஒரே இடத்தில் கால் இடறுகிறது. ‘ஹேண்ட் டு மவுத்’ என்கிற ஆங்கில மரபுத்தொடர்தான் அந்த இடம். கை, வாய் என்று ரெண்டே சொல், ரெண்டும் ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவை, அதனால் தைரியமாக எடுத்துத் தப்பான இடத்தில் போட்டுவிடுகிறோம்.

போன வருஷம் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்துகொண்டிருந்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நேர்காணல். படிப்பு முடித்து ஒரு வருஷமாக என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் வேலை கிட்டத்தட்ட உறுதியாகி, எந்தத் தேதியில் வந்து சேர வேண்டும் என்பதுவரை சொல்லி, கடைசி வாரத்தில் ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். தமிழில் இதைச் சொல்ல நமக்கு ஒரு நொடி போதும்: கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. அதையே மனசில் வைத்துக்கொண்டு, ‘இட் வாஸ் ஹேண்ட் டு மவுத், சார்’ என்று சொல்லியிருக்கிறான். கேட்டவர் குரலைத் தணித்துக்கொண்டு, வீட்டில் ரொம்பச் சிரமமா, தம்பி தங்கைகள் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாராம். அப்பா பத்து மா நிலம் வைத்திருக்கிற பையன் அவன். எதற்கு இதையெல்லாம் கேட்கிறார்கள் என்றே புரியாமல் தடுமாறி வெளியே வந்து எனக்கு போன் செய்தான். “சார், நான் என்ன சார் தப்பா சொல்லிட்டேன்?”

அவனுக்கு போனில் பத்து நிமிஷத்தில் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

அகராதியைத் திறந்தால் ‘லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்’ என்பதற்கு, அன்றன்றைக்குக் கிடைப்பதை அன்றன்றைக்கே செலவழித்து, எதிர்காலத்துக்கு எதுவும் சேர்க்க முடியாமல் வாழ்வது என்று இருக்கும். ஆங்கில எழுத்தில் 1500களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிற பழைய தொடர். கைக்கு வந்த சோறு நேரே வாய்க்குப் போய்விடுகிறது, அவ்வளவு பசி, எடுத்து வைக்க மிச்சம் இல்லை என்பதுதான் அதன் படம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தப் படத்தை இன்னும் தெளிவாகக் காட்ட ஒரு வழி இருக்கிறது. பழைய வீடுகளில் பத்தாயம் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், வீட்டுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப் பெட்டி, மேலே திறந்து நெல்லைக் கொட்டுவார்கள், கீழே கையகலத்துக்கு ஒரு சின்ன வாய், அதன் அடைப்பை இழுத்தால் நெல் சரசரவென்று மரக்காலில் விழும். எங்கள் ஆத்தா அவிப்பதற்கு நெல் எடுக்கும்போது அடைப்பைத் திறப்பதற்கு முன்னால் புறங்கையால் பலகையைத் தட்டிப் பார்க்கும். நெல் இருக்கிற உயரம் வரைக்கும் மொத்தென்று கேட்கும், அதற்கு மேலே தட்டினால் கணீரென்று கேட்கும். அந்தச் சத்தம் எந்த உயரத்தில் மாறுகிறதோ அதை வைத்து, அறுப்பு வரைக்கும் தாங்குமா தாங்காதா என்று ஆத்தா கணக்குப் போட்டுவிடும். ஊருக்கே பத்தாயம் மாதிரி கட்டி வைத்ததும் உண்டு. பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றைக்கும் நிற்கிறது, 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அந்தப் பக்கம் போனால் அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது தொடருக்கு வருவோம். வயலிலிருந்து வந்த கைக்கும் சாப்பிடுகிற வாய்க்கும் நடுவில் பத்தாயம் இருக்கிறதா? இருந்தால் அது ஹேண்ட் டு மவுத் இல்லை. இல்லாவிட்டால்தான் அது ஹேண்ட் டு மவுத். இந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக்கு மேல் குழப்பம் போய்விடும். இந்தத் தொடர் பேசுவது நடுவில் இருக்க வேண்டிய சேமிப்பு இல்லாததைப் பற்றி. வருமானம் கம்மியா அதிகமா என்பது அதற்கு அடுத்த விஷயம்.

தமிழில் இதற்கு நேர்ச் சொல் வைத்திருக்கிறோம், வேறெங்கும் தேட வேண்டாம். அன்றாடங்காய்ச்சி. பேச்சில் அன்னாடங்காச்சி. அன்றன்றைக்குக் கிடைத்ததை அன்றன்றைக்கே காய்ச்சிக் குடிப்பவர். ‘வாங்குற கூலி வாய்க்கும் வயித்துக்குமே சரியா இருக்கு’ என்று சொல்வோமே, அதுவும் இதேதான். வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகிவிடுகிறது என்றால் பத்தாயத்துக்குப் போக ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதானே அர்த்தம். இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லக்கூடிய இடமா என்று தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்தை எடுங்கள்.

வகுப்பில் ஒரு அக்கா கேட்டார், “ரேஷன்ல அரிசி சும்மா தர்றாங்களே சார், அப்புறம் எப்படி நம்மூர்ல யாரையும் ஹேண்ட் டு மவுத்னு சொல்றது?” நல்ல கேள்வி, நான் எதிர்பார்க்காத கேள்வியும்கூட. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தொடரில் வருகிற வாய் சோற்றுக்கு மட்டும் உள்ள வாய் இல்லை. எண்ணெய், காய்கறி, பஸ் காசு, கேஸ் சிலிண்டர், பிள்ளைக்கு நோட்டு, திடீரென்று வரும் காய்ச்சல், எல்லாம் சேர்த்துத்தான். இன்று வேலை இல்லை என்றால் நாளைக்குக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கிற வீடு, ரேஷன் அரிசி மூட்டை மூலையில் இருந்தாலும், ஹேண்ட் டு மவுத் வீடுதான்.

அடுத்து, கைக்கு எட்டியதைத் தனியே பிரித்து வையுங்கள்

நீடாமங்கலம் தம்பி விழுந்த பள்ளம் இதுதான், தமிழ் தெரிந்தவர்கள் மட்டுமே விழக்கூடிய பள்ளம். நம்மிடமும் கையும் வாயும் சேர்ந்து வரும் பழமொழி இருக்கிறது, அது மனசில் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்றால் கிடைக்கப்போன ஒன்று கடைசி நேரத்தில் தவறிப்போனது. ஹேண்ட் டு மவுத்தில் எதுவும் தவறிப்போவதில்லை. கைக்கு வந்தது வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒன்று ஏமாற்றத்தைப் பற்றியது, இன்னொன்று கையிருப்பைப் பற்றியது.

அப்படியானால் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘இட் ஸ்லிப்ட் த்ரூ மை ஃபிங்கர்ஸ்’ என்று சொல்லலாம், விரலிடுக்கில் நழுவிவிட்டது. ‘ஸோ நியர் அண்ட் யெட் ஸோ ஃபார்’ என்றும் உண்டு, இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எட்டவில்லை என்று. கோப்பைக்கும் உதட்டுக்கும் நடுவில் எத்தனையோ நழுவல் என்று ஒரு பழமொழியும் ஆங்கிலத்தில் இருக்கிறது, நம்முடையதற்கு ரொம்ப நெருக்கம், ஆனால் நேர்காணலில் பழமொழி சொல்ல வேண்டாம், பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும். நான் அந்தத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது எளிமையானது: ‘ஐ வாஸ் செலக்டட், சார், பட் தே ஸ்டாப்ட் ஹயரிங் பிஃபோர் மை ஜாயினிங் டேட்.’ தேர்வானேன், சேரும் தேதிக்கு முன்னால் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம், மரபுத்தொடரே தேவையில்லை. மரபுத்தொடர் தெரிந்துகொள்வதன் பாதிப் பயன் எங்கே அதை விட்டுவிடலாம் என்று தெரிவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு ஒலி ஒற்றுமையும் இருக்கிறது. குழந்தைகளுக்கு வாயிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் வருமே, அதை ஆங்கிலத்தில் ‘ஹேண்ட், ஃபுட் அண்ட் மவுத்’ என்பார்கள். நர்சிங் மாணவிகள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். அது நோயின் பெயர், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாக்கியத்தில் எங்கே உட்காரும்

தப்பாகச் சொல்வதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன், அதிலிருந்தே தொடங்குகிறேன். ‘ஐ ஆம் ஹேண்ட் டு மவுத்’ என்றால் நான் கை வாய் என்ற மாதிரி ஆகிவிடும். ‘வி ஆர் ஹேண்ட் அண்ட் மவுத் பீப்பிள்’ என்பதும் சரியில்லை. ‘ஹேண்ட்ஸ் டு மவுத்ஸ்’ என்று பன்மை போட வேண்டாம், ‘மை ஹேண்ட் டு மை மவுத்’ என்று உரிமையும் சேர்க்க வேண்டாம். நாம் வீடு வீடாக என்று சொல்வது மாதிரி ‘ஃப்ரம் டோர் டு டோர்’ என்று ஆங்கிலத்தில் வருகிறதில்லையா, அங்கே முன்னும் பின்னும் எதுவும் ஒட்டுவதில்லை. இதுவும் அதே அச்சு.

வினைச்சொல் ‘லிவ்’. தே லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத். ‘ஃப்ரம்’ இல்லாமல் ‘லிவ் ஹேண்ட் டு மவுத்’ என்றும் நிறையப் பேர் சொல்கிறார்கள், இரண்டும் சரிதான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது மூன்று சொல்லையும் சின்னக் கோடு போட்டு ஒட்டி எழுத வேண்டும்: எ ஹேண்ட்-டு-மவுத் எக்ஸிஸ்டன்ஸ், அதாவது அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு. எக்ஸிஸ்டன்ஸ் என்ற சொல்லோடுதான் இது அதிகம் ஜோடி சேர்கிறது, ‘ஹேண்ட்-டு-மவுத் லைஃப்’ என்றாலும் புரியும்.

காலத்தைக் கவனிக்க வேண்டும், இங்கேதான் உணர்ச்சியே இருக்கிறது. ‘லிவ்’ என்று சும்மா சொன்னால் எப்போதும் அப்படித்தான் என்று ஆகிவிடும். இப்போதைக்குக் கொஞ்ச நாளாக என்றால் ‘ஆர் லிவிங்’. ஏதோ ஒரு நாளிலிருந்து இன்று வரைக்கும் என்றால் ‘ஹாவ் பீன் லிவிங்’. இதற்கு நான் எப்போதும் கஜாவைத்தான் உதாரணம் காட்டுவேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. தென்னை என்பது மாசா மாசம் காய் தருகிற பத்தாயம் மாதிரி. அது ஒரே ராத்திரியில் போனது, புதுக்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். நாலைந்து தென்னையை மட்டும் நம்பி இருந்த குடும்பத்தைப் பற்றி, ‘தே ஹாவ் பீன் லிவிங் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத் சின்ஸ் கஜா’ என்றால், முன்னால் அப்படி இல்லை, அன்றையிலிருந்து இப்படி என்கிற முழுக் கதையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. ‘தே லிவ்’ என்று சொல்லியிருந்தால் அவர்கள் எப்போதுமே வசதி இல்லாதவர்கள் என்று கேட்பவர் நினைத்திருப்பார், அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

மனிதர்களுக்கு மட்டும்தான் என்று இல்லை. அடுத்த மாசத்துக்குப் பணம் வருமா என்று தெரியாமல் ஓடுகிற சங்கத்தை, சின்னப் பள்ளிக்கூடத்தை, நாடகக் குழுவைப் பற்றியும் சொல்லலாம். கடைக்காரர் சரக்கை மொத்தமாக வாங்கி அடுக்காமல் அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுப்பதையும் வியாபார ஆங்கிலத்தில் ஹேண்ட்-டு-மவுத் பையிங் என்பார்கள். வணிகவியல் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஏழ்மை என்ற பொருள் இல்லை.

வாயில் வருகிற விதம்

லிவ் என்பதைக் குறிலாகச் சொல்ல வேண்டும். நீட்டினால் லீவ் ஆகிவிடும், வாழ்கிறோம் என்பது கிளம்புகிறோம் என்று மாறிவிடும். இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு இடத்தில்தான் பாதிப் பேர் தடுக்கிறார்கள்.

அடுத்தது சொல்லின் கடைசியில் நாம் ஒட்டுகிற உகரம். ஹேண்டு, மவுத்து என்று தமிழ் நாக்கு தானாகச் சேர்த்துக்கொள்ளும். அதை வெட்டுங்கள். மவுத் என்பதன் கடைசி ஒலிக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும், அப்படியே காற்றை மட்டும் விட வேண்டும், குரல் வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று நாக்கு நுனி தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் வருகிற ‘டு’ லேசானது, அதில் அழுத்தம் இல்லை. ஹேண்ட், மவுத் இரண்டில்தான் அழுத்தம்.

கூத்தாநல்லூரிலிருந்து வருகிற ஒரு அக்கா சொன்னார், அவர்கள் வீட்டில் மௌத் என்றால் இறப்பு, அதனால் இந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் மனசு திடுக்கென்கிறது என்று. அதனால்தான் நான் கரும்பலகையில் தமிழில் எழுதிக் காட்டும்போது மவுத் என்றே எழுதுகிறேன், இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான்.

யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள்

இது எல்லாவற்றையும் விட முக்கியம், ஆனால் எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே நீ அன்னாடங்காச்சிதானே என்று சொல்வோமா? மாட்டோம். ஆங்கிலத்திலும் ‘யூ லிவ் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்’ என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள். உங்களைப் பற்றியோ, உங்கள் குடும்பத்தின் கடந்த காலத்தைப் பற்றியோ சொல்லலாம். ‘ஆஃப்டர் மை ஃபாதர்ஸ் ஆக்ஸிடென்ட், வி லிவ்ட் ஃப்ரம் ஹேண்ட் டு மவுத் ஃபார் டூ இயர்ஸ்’ என்று நிமிர்ந்து சொல்லலாம், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஊரில் ஒரு தொகுதி மக்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும்போதும் உபயோகிக்கலாம், ஆனால் உண்மையிலேயே பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு.

பொருந்துவதை எப்படிப் பார்ப்பது? நாகப்பட்டினத்தில் படகில் கூலிக்கோ பங்குக்கோ போகிறவர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாசம் அந்த வீட்டுக்கு ஹேண்ட் டு மவுத் என்பது சரியாகப் பொருந்தும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஆட்களுக்கு வேலை இருக்கிற நாளில் கூலி, இல்லாத நாளில் இல்லை, அறுவடைக்கு மிஷின் வந்தபின் அந்த நாட்களும் குறைந்துவிட்டன. இவர்களுக்கும் பொருந்தும்.

ஆனால் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிற விவசாயிக்கு? இங்கேதான் என் மாணவர்கள் எல்லாரும் ஆமாம் என்கிறார்கள், நான் இல்லை என்கிறேன். அவருக்குப் பணம் தினமும் வருவதில்லை, அறுத்தால்தான் வரும். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை, அது செப்டம்பர் அக்டோபரில் அறுப்பு, அப்புறம் சம்பாவோ தாளடியோ, அது தை மாசியில். அணையில் தண்ணீர் இல்லாமல் திறப்பு தள்ளிப்போனால், போர்வெல் இல்லாதவருக்குக் குறுவை கிடையாது, வருஷத்துக்கு ஒரே அறுப்பு. அந்த நெல்லையும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று நிறுத்திவிட்டால், பனியிலும் மழையிலும் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு ராத்திரி பகலாகக் காவல் கிடக்க வேண்டும். நான் அதே குவியல் பக்கத்தில் அப்பாவுடன் படுத்திருக்கிறேன். விடியற்காலையில் தார்ப்பாய்க்கு அடியில் கையை நுழைத்தால் உள்ளே நெல் வெதுவெதுவென்று இருக்கும், அது சூடேற ஆரம்பித்துவிட்டது என்றால் நிறம் மாறிவிடும் என்று அப்பா அவசர அவசரமாகக் கிளறிவிடுவார். எங்கள் வீட்டுக் கஷ்டம் அன்றாடங்காய்ச்சிக் கஷ்டம் இல்லை. ஒரு அறுப்புக்கும் அடுத்த அறுப்புக்கும் நடுவில் நகைக்கடனில் மூச்சு விடுகிற கஷ்டம். இதற்கு ஆங்கிலத்தில் ‘வி லிவ் ஃப்ரம் ஹார்வஸ்ட் டு ஹார்வஸ்ட்’ என்று சொல்லலாம், அதே அச்சுதான், சொல் மட்டும் வேறு. டெல்டா விவசாயப் பிள்ளைகள் எல்லாரும் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டை ஒரு வெளியூர்க்காரருக்குப் புரியவைக்க இதைவிடச் சரியான வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை.

விண்ணப்பம் எழுதும்போது, உதவித்தொகையோ கல்விக்கடனோ எதற்காக இருந்தாலும், ஹேண்ட் டு மவுத் என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அது படிப்பவருக்கு எதையும் காட்டாது. ‘என் அப்பா கொத்தனார், மாசத்தில் பதினைந்து நாள் வேலை கிடைக்கும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதுவும் இருக்காது’ என்று நாட்களையும் ரூபாயையும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, வேண்டுமானால் கடைசியில் ஒரு தடவை இந்தத் தொடரைப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

வாழ்வது, பிழைப்பது பற்றி ஆங்கிலத்தில் நிறையத் தொடர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம், நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு உடனே தேவைப்படுவது ‘ஃபார் எ லிவிங்’. ‘வாட் டஸ் யுவர் ஃபாதர் டு ஃபார் எ லிவிங்?’ என்று கேட்டால் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று கேட்கிறார்கள். லிவிங் என்று காதில் விழுந்ததும் ‘ஹி இஸ் லிவிங் இன் பாபநாசம்’ என்று ஊரைச் சொல்லிவிடுகிறார்கள், வருஷத்துக்கு நாலு பேராவது. ‘ஹி இஸ் எ டெனன்ட் ஃபார்மர்’ என்றால் குத்தகை விவசாயி, ‘ஹி இஸ் எ வீவர்’ என்றால் திருபுவனத்துப் பட்டு நெசவாளி மாதிரி நெய்கிறவர், ‘ஹி ரன்ஸ் எ டீ ஸ்டால்’ என்றால் டீக்கடை. ஊர்ப்பெயர் வேண்டாம்.

‘மேக் எண்ட்ஸ் மீட்’ என்பது ஹேண்ட் டு மவுத்தின் மென்மையான அக்கா. வைக்கோல் கட்டைப் பிரியால் கட்டும்போது பிரி கொஞ்சம் குட்டையாக இருந்தால் இரண்டு நுனியையும் இழுத்து இழுத்து முடிச்சுப் போடுவோமே, அந்த மாதிரி வரவையும் செலவையும் எட்ட வைப்பது. பெரும்பாலும் ‘ஸ்ட்ரகிள்’ என்ற சொல்லோடு வரும். அடுத்தவரைப் பற்றி மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்றால் இதை எடுங்கள். நம் நாட்டில் ‘போத் எண்ட்ஸ்’ என்று சேர்த்தும் சொல்வார்கள், தப்பில்லை.

மாசச் சம்பளக்காரருக்கு ‘ஃப்ரம் பேசெக் டு பேசெக்’. அமெரிக்க வழக்கு, இப்போது எங்கும் புரியும். ஒன்றாம் தேதி சம்பளம் ஏறும், வண்டித் தவணை, குழுக்கடன், வீட்டு வாடகை என்று பத்தாம் தேதிக்குள் இறங்கிவிடும், சோற்றுக்குக் குறையில்லை ஆனால் கையிருப்பு பூஜ்யம். இங்கே ஹேண்ட் டு மவுத் கொஞ்சம் அதிகப்படியாகிவிடும்.

‘ஸேவ் ஃபார் எ ரெய்னி டே’ என்பதை வயற்காட்டுப் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள், மழை வந்தால் நல்லதுதானே சார் என்பார்கள். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். மழை நாளில் வேலை இல்லை, அந்த நாளுக்காக எடுத்து வைப்பது, அவ்வளவுதான். வரவுக்குள் வாழ்வது ‘லிவ் விதின் ஒன்ஸ் மீன்ஸ்’, நம் விரலுக்குத் தகுந்த வீக்கம்.

‘லிவ் ஆன்’, ‘லிவ் ஆஃப்’ இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. ‘வி லிவ் ஆன் 400 ருபீஸ் எ டே’ என்றால் ஒரு நாளைக்கு 400 ரூபாயில் குடும்பம் நடத்துகிறோம். ‘ஹி லிவ்ஸ் ஆஃப் ஹிஸ் சிஸ்டர்’ என்றால் அக்கா காசில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற அண்ணனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்போய் இதைச் சொல்லிவிடாதீர்கள், ‘மை பிரதர் சப்போர்ட்ஸ் அஸ்’ என்று சொல்லுங்கள்.

ஒரு வாரம் இப்படிப் பழகுங்கள்

முதல் இரண்டு நாள் ஆங்கிலமே வேண்டாம். உங்கள் தெருவில் தெரிந்த ஐந்து வீடுகளை மனசில் நினைத்து, ஒவ்வொரு வீட்டிலும் கைக்கும் வாய்க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். மாடு இருக்கலாம், சீட்டுப் பணம் இருக்கலாம், அஞ்சலகச் சேமிப்பு இருக்கலாம், நகை இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பெயர் எழுத வேண்டாம், நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் மனசு கஷ்டப்படும்.

மூன்றாம் நாள் அந்த ஐந்தில் எது ஹேண்ட் டு மவுத், எது ஹார்வஸ்ட் டு ஹார்வஸ்ட், எது பேசெக் டு பேசெக் என்று பிரியுங்கள். ஐந்தும் ஒரே கட்டில் வந்துவிட்டால் மறுபடி முதல் நாளுக்குப் போங்கள், எங்கோ அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

நாலாம் ஐந்தாம் நாட்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில வாக்கியம். எப்போதும் அப்படியா, இப்போதைக்கா, ஒரு நாளிலிருந்தா என்று பார்த்து வினைச்சொல்லைப் போடுங்கள். கடைசி இரண்டு நாள் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டால், லிவ் நீண்டிருக்கிறதா, மவுத்தின் பின்னால் உகரம் ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தத் தம்பி இப்படிப் பதிவு செய்து எனக்கு அனுப்பியதில் முதல் மூன்றிலும் மவுத்துதான். நாலாவது பதிவில் பின்னால் எங்கோ பம்ப்செட் ஓடுகிற சத்தம், அதற்கு நடுவே உகரம் இல்லாமல் சுத்தமாக விழுந்திருந்தது.